ஏஐ ஏஜென்ட்டுக்கு டூல் விளக்கம் எழுதுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஜென்ட் என்று இங்கே நான் சொல்வது, கொடுத்த வேலையை முடிக்க என்ன செய்வது என்று தானே தீர்மானித்துப் போகும் மொழி மாடலை. டூல் என்பது அது கூப்பிடக்கூடிய ஒரு ஃபங்ஷன், அதாவது நம் புரோகிராமில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி. ஏஜென்ட் தவறான டூலை எடுத்துவிட்டது, தேவையே இல்லாத நேரத்தில் ஒரு டூலைக் கூப்பிட்டது, சரியான டூலைக் கூப்பிட்டு அதற்குத் தப்பான தேதியை அனுப்பியது என்று யாராவது சொன்னால் நான் முதலில் திறந்து பார்ப்பது அந்த டூலின் விளக்கத்தைத்தான், கோட் பக்கம் போவது அப்புறம். பல நேரம் அங்கே ஒரே ஒரு வரிதான் இருக்கும், அதுவும் டூலின் பெயரையே வேறு வார்த்தையில் சொல்லும் வரி. இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு எனக்குச் சரி என்று படும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

டூல் விளக்கம் என்றால் சரியாக எதைச் சொல்கிறோம்?

மொழி மாடல் தானாக எந்த ஃபங்ஷனையும் ஓட்டுவதில்லை. நாம் அதற்கு ஒரு பட்டியல் கொடுக்கிறோம். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்று சாதாரண மொழியில் ஒரு விளக்கம், என்னென்ன மதிப்புகள் வேண்டும் என்று சொல்லும் ஒரு ஜேசன் ஸ்கீமா (ஜேசன் என்ற தரவு எழுத்துமுறையில் எழுதிய வரையறை), இவ்வளவுதான் அதில் இருக்கும். மாடல் அதைப் படித்துவிட்டு, இந்த டூலை இந்த மதிப்புகளோடு கூப்பிட வேண்டும் என்று எழுதித் தருகிறது, ஓட்டுவது நம்முடைய புரோகிராம். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் ஏபிஐயில் (மற்ற புரோகிராம்கள் அதன் மாடலைப் பயன்படுத்தும் இணைப்பு வழியில்) ஃபங்ஷன் காலிங் என்று கொண்டுவந்தது இதைத்தான். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகாலில், அதாவது ஏஜென்ட்களை வெளி டூல்களோடு இணைக்கும் பொது நெறிமுறையான எம்சிபியில், ஒரு சர்வர் தன் டூல்களை அறிவிப்பதும் முக்கியமாக இந்த மூன்றையும் வைத்துத்தான்.

இந்தப் பக்கத்தில் விளக்கம் என்று சொல்லும்போது டூலுக்கு மேலே எழுதும் பத்தியை மட்டும் நினைக்க வேண்டாம். ஸ்கீமாவுக்குள் ஒவ்வொரு பாராமீட்டருக்கும், அதாவது டூலுக்கு அனுப்பும் ஒவ்வொரு மதிப்புக்கும், எழுதும் குறிப்பும் அதில் சேர்த்தி.

கோட் சரியாக வேலை செய்கிறதே, விளக்கத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வேண்டும், ஏனென்றால் மாடலுக்கு உங்கள் கோட் தெரியாது. உங்கள் டேட்டாபேஸில் என்ன இருக்கிறது, எந்த டேபிள் பழையது, ‘நிலை’ என்ற நெடுவரிசையில் 3 என்று இருந்தால் என்ன பொருள், இதெல்லாம் உங்கள் குழுவில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கலாம், ஆனால் மாடல் ஒவ்வொரு உரையாடலிலும் முதல் நாள் வேலைக்கு வந்தவர் மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறது. புது ஆள் பக்கத்து மேஜையில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். மாடலுக்கு அந்த வழியும் இல்லை. விளக்கத்தில் இல்லாததை அது ஊகிக்கும், அந்த ஊகத்தை ஒரு தயக்கமும் இல்லாமல் செயல்படுத்தும்.

2024 டிசம்பரில் ஏஜென்ட்கள் கட்டுவது பற்றி ஆந்த்ரோபிக் எழுதிய ஒரு கட்டுரையில், எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் என்ற மென்பொருள் பிழைதிருத்தத் தேர்வுக்காக ஏஜென்ட்டை உருவாக்கியபோது மொத்த பிராம்ப்ட்டுக்கு, அதாவது மாடலுக்கு எழுதும் அறிவுறுத்தலுக்கு, செலவழித்ததைவிட டூல்களைச் செம்மைப்படுத்தவே அதிக நேரம் போனது என்று சொல்லியிருந்தார்கள். நாள் முழுக்க, உரையாடலுக்கு முன்னால் தரும் பொது அறிவுறுத்தலான சிஸ்டம் பிராம்ப்ட்டை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு டூல் விளக்கத்தைத் தொடாமலே விடும் குழுக்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நல்ல விளக்கத்தில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்?

ஒரு உதாரணத்தை வைத்தே பார்க்கலாம். ஆர்டர்களைத் தேடும் ஒரு டூல் இருக்கிறது, அதன் விளக்கம் இப்படி இருக்கிறது:

“ஆர்டர்களைத் தேடும்.”

இதில் பொய் எதுவும் இல்லை, பயனும் இல்லை. அதே டூலுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“வாடிக்கையாளர் மின்னஞ்சல், தேதி வரம்பு, ஆர்டர் நிலை ஆகியவற்றில் ஒன்றையோ பலவற்றையோ வைத்து ஆர்டர்களைத் தேடுகிறது. ஆர்டர் எண் தெரியாதபோது பயன்படுத்தவும். எண் தெரிந்திருந்தால் இதைத் தவிர்த்து கெட்_ஆர்டர் டூலைப் பயன்படுத்தவும். கடந்த 24 மாத ஆர்டர்கள் மட்டுமே இதில் உள்ளன, அதற்கு முந்தையவை சர்ச்_ஆர்க்கைவ் டூலில் கிடைக்கும். ஒவ்வொரு முடிவிலும் ஆர்டர் எண், தேதி, நிலை, மொத்தத் தொகை இருக்கும், பொருட்களின் பட்டியல் இருக்காது. புதியது முதலில் என்ற வரிசையில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 20 முடிவுகள் வரும். எதுவும் பொருந்தாவிட்டால் வெற்றுப் பட்டியல் வரும், அது எரர் அல்ல.”

இதில் ஒவ்வொரு வாக்கியமும் ஏஜென்ட் செய்யக்கூடிய ஒரு குறிப்பிட்ட தவறைத் தடுக்கிறது. ஆர்டர் எண் பற்றிய வரி இல்லாவிட்டால், எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே தேதி வரம்பில் தேடிக்கொண்டிருக்கும். 24 மாத வரி இல்லாவிட்டால் பழைய ஆர்டரைத் தேடிக் கிடைக்காமல், “அப்படி ஒரு ஆர்டரே இல்லை” என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடும், இது உண்மையிலேயே மோசமான விளைவு, ஏனென்றால் பதில் நம்பும்படியாக இருக்கும், யாரும் சரிபார்க்க மாட்டார்கள். பொருட்களின் பட்டியல் வராது என்று சொல்லாவிட்டால் அந்தப் பட்டியலை எதிர்பார்த்துக் கூப்பிட்டு, வராததால் மறுபடி மறுபடி கூப்பிடும், இன்னும் மோசமாகப் போனால் இல்லாத பட்டியலைத் தானே இட்டுக்கட்டும். 20 முடிவு என்ற எல்லையைச் சொல்லாவிட்டால் 20 வந்ததும் மொத்தமே 20 ஆர்டர்தான் என்று கூட்டிக் கணக்குச் சொல்லும்.

ஆக, எழுதுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை இவை: எப்போது இதைக் கூப்பிட வேண்டும், எப்போது கூப்பிடக் கூடாது, என்ன திரும்பி வரும், என்ன வராது, எங்கே இதன் எல்லை முடிகிறது. டூல் என்ன செய்கிறது என்பதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். மற்றவற்றைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு நீளம் எழுதலாம்?

ஒரு டூலுக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியமாவது எழுதுங்கள், சிக்கலான டூலுக்கு இன்னும் கூட எழுதுங்கள் என்று ஆந்த்ரோபிக்கின் ஆவணம் சொல்கிறது, என் அனுபவமும் அதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் டூல் விளக்கங்கள் வழக்கமாக ஒவ்வொரு அழைப்பிலும் மாடலுக்குப் போகின்றன, அந்த டூல் பயன்பட்டாலும் சரி, படாவிட்டாலும் சரி, டோக்கன் (மாடல் எழுத்தைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு) செலவாகிறது. அதனால் ஒரு வாக்கியத்தை வைக்கலாமா நீக்கலாமா என்று தீர்மானிக்க நான் பார்ப்பது ஒன்றுதான்: இதை எடுத்துவிட்டால் மாடலின் நடத்தை எந்தச் சூழலிலாவது மாறுமா? மாறும் என்றால் இருக்கட்டும். “எங்கள் அதிநவீன தேடல் தொழில்நுட்பத்தைக் கொண்டு” என்று தொடங்கும் வாக்கியங்கள் இந்தச் சோதனையில் நிற்காது. டூலை யார் எழுதினார்கள், எந்த வெர்ஷனில் சேர்த்தார்கள், உள்ளே எந்த டேட்டாபேஸ் என்பதும் அப்படித்தான், மாடலுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஒரே மாதிரி இரண்டு டூல்கள் இருக்கின்றன, ஏஜென்ட் குழம்புகிறது. என்ன செய்வது?

தவறான டூல் தேர்வில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது என்பது என் கணிப்பு. ‘சர்ச்_டாக்ஸ்’ என்று ஒன்று, ‘ஃபைண்ட்_ஃபைல்ஸ்’ என்று இன்னொன்று, ‘க்வெரி_நாலெட்ஜ்’ என்று மூன்றாவது. மூன்றையும் மூன்று பேர் எழுதியிருப்பார்கள், ஒவ்வொருவரும் தன் டூலை மட்டும் பார்த்து விளக்கம் எழுதியிருப்பார்கள், தனித்தனியாகப் படித்தால் மூன்றுமே சரியாக இருக்கும். மாடலோ மூன்றையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறது.

முதல் கேள்வி, இவை உண்மையிலேயே தனித்தனியாக இருக்க வேண்டுமா? ஒரே டூலாக்கி, எங்கே தேட வேண்டும் என்பதை ஒரு பாராமீட்டராக வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். தனியாகத்தான் இருக்க வேண்டும் என்றால் எல்லைக்கோட்டை இரண்டு பக்கமும் எழுதுங்கள். “ஃபைலின் பெயர் தெரிந்தபோது இது. உள்ளடக்கத்தை வைத்துத் தேட சர்ச்_டாக்ஸ்” என்று ஒன்றிலும், “உள்ளடக்கத்தை வைத்துத் தேட இது. பெயர் தெரிந்தால் ஃபைண்ட்_ஃபைல்ஸ் வேகமானது” என்று மற்றதிலும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் மறு பக்கத்திலிருந்து வரும் குழப்பம் அப்படியே இருக்கும்.

அப்புறம், எல்லைக்கோடு பயனரின் கோரிக்கையில் தெரியும் ஒன்றாக இருக்க வேண்டும். “இது எலாஸ்டிக்சர்ச்சில் தேடும், அது போஸ்ட்கிரஸில் தேடும்” என்று உள்ளே இருக்கும் தரவுக்கிடங்குகளைச் சொல்வது உங்களுக்கு வேறுபாடு, கேள்வி கேட்பவர் எழுதியதில் அந்த வேறுபாட்டின் சுவடே இருக்காது, எனவே மாடலால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

இதற்காகவே, எல்லா டூல் விளக்கங்களையும் ஒரே ஆவணத்தில் வரிசையாக ஒட்டி, ஒருவரே உட்கார்ந்து ஒரே மூச்சில் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

பெயர் அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். பெயருக்கும் விளக்கத்துக்கும் முரண்பாடு வந்தால் மாடல் பல நேரம் பெயர் பக்கம் சாய்ந்துவிடும். ‘ப்ராசஸ்_டேட்டா’, ‘ஹேண்டில்_ரிக்வெஸ்ட்’ போன்ற பெயர்கள் எதையும் சொல்லாது. வினையும் பொருளும் சேர்ந்த பெயராக வையுங்கள்: கிரியேட்_இன்வாய்ஸ், கேன்சல்_புக்கிங். பல சர்வர்களின் டூல்கள் ஒன்றாகச் சேரும் இடத்தில் ‘சர்ச்’ என்று மொட்டையாக ஒரு பெயர் இருந்தால் மோதல்தான், முன்னொட்டாகச் சேவையின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். டூல் பெயரில் பெரும்பாலான ஏபிஐகள் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, இணைப்புக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கின்றன, எனவே இங்கே நான் தமிழில் எழுதும் பெயர்களை அங்கே ஆங்கிலத்தில்தான் வைக்க வேண்டியிருக்கும்.

பாராமீட்டர்களுக்கு என்ன எழுத வேண்டும்? வகை ஸ்கீமாவிலேயே இருக்கிறதே.

வகை மட்டும் போதாது. ‘ஸ்ட்ரிங்’, அதாவது எழுத்துத் தொடர், என்பதால் என்ன தெரிகிறது? தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். 04/03/2025 என்பது சிலருக்கு மார்ச் 4, சிலருக்கு ஏப்ரல் 3. “ஐஎஸ்ஓ 8601 வடிவில், எடுத்துக்காட்டாக 2025-03-04” என்று எழுதிவிட்டால் அந்தச் சந்தேகம் போய்விடும். அதோடு நிற்க வேண்டாம். தேதி வரம்பின் கடைசி நாள் சேர்த்தியா இல்லையா, எந்த நேர மண்டலம், இரண்டையும் சொல்லுங்கள். மாத அறிக்கையில் கடைசி நாள் மட்டும் விடுபட்டுப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு வரி இல்லாததுதான்.

அளவுகளும் அப்படித்தான். ‘டைம்அவுட்’ 30 என்றால் 30 நொடியா, 30 மில்லிநொடியா? பாராமீட்டரின் பெயரிலேயே ‘டைம்அவுட்_செகண்ட்ஸ்’ என்று வைத்துவிடுவது எனக்குப் பிடித்த வழி, அப்புறம் யாரும் விளக்கத்தைத் தேட வேண்டியதில்லை. பணம் இன்னும் ஆபத்தானது. பல பேமென்ட் ஏபிஐகள் தொகையை அந்த நாணயத்தின் மிகச் சிறிய அலகில் கேட்கின்றன, டாலர் என்றால் சென்ட்டில். 15 டாலருக்கு 1500 என்று அனுப்ப வேண்டும். ஜப்பானிய யென் போலச் சிறிய அலகு இல்லாத நாணயங்களில் 1500 என்றால் 1500தான். இதை விளக்கத்தில் எழுதாமல் மாடலே புரிந்துகொள்ளும் என்று விட்டால் நூறு மடங்குத் தவறு வரலாம்.

ஐடிகளுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: அது எதனுடைய ஐடி, அது எங்கிருந்து கிடைக்கும். ‘யூசர்’ என்று பாராமீட்டர் இருந்தால் மாடல் பெயரை அனுப்பும், மின்னஞ்சலை அனுப்பும், சில நேரம் அதுவே ஓர் எண்ணை உருவாக்கியும் அனுப்பும். ‘யூசர்_ஐடி’ என்று பெயர் வைத்து, “ஃபைண்ட்_யூசர் டூல் திருப்பித் தரும் எண். தெரியாவிட்டால் முதலில் அந்த டூலைக் கூப்பிடவும், ஊகிக்க வேண்டாம்” என்று எழுதினால் சங்கிலி சரியாகப் போகும்.

மதிப்புகள் ஒரு சிலவே என்றால் எனம் (enum, ஏற்கும் மதிப்புகளின் பட்டியல்) போடுங்கள், போட்டுவிட்டு ஒவ்வொரு மதிப்புக்கும் அர்த்தமும் எழுதுங்கள். ‘பென்டிங்’, ‘ஹோல்ட்’ இரண்டும் பட்டியலில் இருக்கிறது, என்ன வித்தியாசம்? வாடிக்கையாளர் பதிலுக்காகக் காத்திருப்பது ஒன்று, நம் பக்கம் நிறுத்தி வைத்தது இன்னொன்று என்றால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். கட்டாயமில்லாத பாராமீட்டரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதும் அப்படியே, “கொடுக்காவிட்டால் கடந்த 30 நாள்” என்று நான்கு வார்த்தை போதும்.

சில சமயம் விளக்கம் எழுதுவதைவிட டூலின் வடிவத்தை மாற்றுவதுதான் சரியான தீர்வு. மேலே சொன்ன ஆந்த்ரோபிக் கட்டுரையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது: ஏஜென்ட் வேறு டைரக்டரிக்குப் போனபிறகு ரிலேட்டிவ் பாத்தில் (அப்போது இருக்கும் டைரக்டரியிலிருந்து தொடங்கும் ஃபைல் முகவரியில்) தவறு செய்துகொண்டிருந்தது, டூல் எப்போதும் முழு பாத்தை மட்டுமே ஏற்கும்படி மாற்றினார்கள், தவறு நின்றது. “டைரக்டரியைக் கவனத்தில் கொள்ளவும்” என்று பத்தி பத்தியாக எழுதியிருந்தால் இந்த அளவுக்குப் பலன் கிடைத்திருக்காது. அதே மாதிரி, உங்கள் புரோகிராமுக்கு ஏற்கெனவே தெரிந்த மதிப்பை மாடலிடம் கேட்காதீர்கள். லாகின் செய்தவரின் ஐடியை நீங்களே உள்ளே சேர்த்துவிடலாம், அந்தப் பாராமீட்டரே தேவையில்லை.

ஸ்ட்ரிக்ட் மோட் இருந்தால் இதெல்லாம் தேவையா?

தேவைதான். ஓப்பன்ஏஐ 2024 ஆகஸ்டில் கொண்டுவந்த ஸ்ட்ரக்சர்டு அவுட்புட்ஸ் போன்ற ஸ்ட்ரிக்ட் மோட் வசதிகள், வரும் ஜேசன் உங்கள் ஸ்கீமாவுக்குப் பொருந்தும் என்று உறுதி தருகின்றன. உள்ளே இருக்கும் மதிப்பு சரியா என்பதற்கு அந்த உறுதி கிடையாது. தவறான தேதியும் வடிவத்தில் சரியான தேதிதான்.

திரும்பி வரும் பதிலைப் பற்றி விளக்கத்தில் எவ்வளவு எழுதுவது?

அடுத்த அடியைத் தீர்மானிக்கத் தேவையான அளவு. முழு ஜேசன் அமைப்பையும் விளக்கத்தில் கொட்ட வேண்டியதில்லை, எம்சிபியில் 2025 ஜூன் பதிப்பிலிருந்து பதிலின் ஸ்கீமாவைத் தனியாகவே கொடுக்கலாம். விளக்கத்தில் இருக்க வேண்டியவை: முக்கியமான புலங்கள், பட்டியலின் உச்ச அளவு, அடுத்த பக்கம் எப்படி எடுப்பது, ஒன்றும் கிடைக்காவிட்டால் எப்படித் தெரியும், தகவல் எவ்வளவு புதியது. கடைசியாகச் சொன்னது அடிக்கடி விடுபடும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும் கையிருப்பு விவரத்தை ‘இப்போதைய’ விவரம் என்று ஏஜென்ட் சொல்லிவிடக் கூடாது.

பதிலையே சுருக்கமாக வைப்பதும் பெரிய உதவி. 2024-ல் பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட்டில் ஃபைலைக் காட்டும் டூல் ஒரு நேரத்தில் 100 வரிகளைக் காட்டும்படி அமைத்திருந்தார்கள், தேடல் முடிவுகள் அதிகமாகப் போனால் எல்லாவற்றையும் கொட்டாமல் தேடலைக் குறுக்கச் சொல்லும்படி செய்திருந்தார்கள். மனிதருக்கு ஒரு மென்பொருளின் முகப்பு எவ்வளவு முக்கியமோ, ஏஜென்ட்டுக்கு அதன் டூல் முகப்பு அவ்வளவு முக்கியம் என்பதுதான் அந்த ஆய்வின் மையக் கருத்து, எனக்கு அதில் முழு உடன்பாடு.

எரர் செய்தியும் விளக்கத்தில் சேருமா?

என் கணக்கில் சேரும், ஏனென்றால் தவறு நடந்த அந்தக் கணத்தில் மாடல் படிக்கும் ஒரே வழிகாட்டி அதுதான். “400 பேட் ரிக்வெஸ்ட்” என்று மட்டும் வந்தால் அதே மதிப்பை இன்னொரு தடவை அனுப்பும். “தொடக்கத் தேதி முடிவுத் தேதிக்குப் பிறகு இருக்கிறது. இரண்டையும் சரிபார்த்து மீண்டும் அனுப்பவும்” என்றால் திருத்திக்கொள்ளும். மீண்டும் முயன்றாலும் பயனில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்: “இந்தக் கணக்குக்கு அனுமதி இல்லை. மீண்டும் முயல வேண்டாம், பயனரிடம் தெரிவிக்கவும்.” எம்சிபியில் டூல் ஓடும்போது வரும் தவறை டூலின் பதிலுக்குள்ளேயே, இது எரர் என்ற குறியோடு அனுப்ப முடியும், அப்படி அனுப்பினால்தான் மாடல் அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும்.

அழிப்பது, மெயில் அனுப்புவது, பணம் செலுத்துவது போன்ற டூல்களுக்குத் தனியாக என்ன எழுதுவது?

விளைவை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். “மெயிலை உடனே அனுப்புகிறது, திரும்பப் பெற முடியாது. வரைவாகச் சேமிக்க கிரியேட்_டிராஃப்ட்.” ஒரே கோரிக்கையை இரண்டு முறை அனுப்பினால் இரண்டு முறை நடக்குமா என்பதையும் எழுதுங்கள், நெட்வொர்க் தடங்கலில் ஏஜென்ட் மறுபடி முயலும் என்பதால் இது மிகவும் முக்கியம். எம்சிபியில் படிக்க மட்டும், அழிக்கக்கூடியது, திரும்பச் செய்தாலும் அதே விளைவு என்று குறிக்க அனோட்டேஷன்கள் இருக்கின்றன, அவற்றையும் நிரப்புங்கள். ஆனால் அவை வெறும் குறிப்புகள்தான். உண்மையான பாதுகாப்பு உங்கள் கோடில் இருக்க வேண்டும்: அனுமதிச் சோதனை, உச்சவரம்பு, மனித ஒப்புதல். “தயவுசெய்து பயனரைக் கேட்காமல் அழிக்க வேண்டாம்” என்ற ஒரு வாக்கியத்தை நம்பி டேட்டாபேஸை விட்டுவைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

“கட்டாயம்”, “எக்காரணம் கொண்டும்” என்றெல்லாம் அழுத்தி எழுதினால் கேட்குமா?

கேட்கும், பிரச்சினையே அதுதான். ஒரு டூலில் “எப்போதும் முதலில் இதையே பயன்படுத்தவும்” என்று எழுதினால் வணக்கம் சொன்னதற்கும் அதைக் கூப்பிடும் ஏஜென்ட் கிடைக்கும். பத்து டூலிலும் அப்படி எழுதினால் எந்த அழுத்தத்துக்கும் மதிப்பில்லை. காரணத்தை எழுதுங்கள், அது அழுத்தத்தைவிட நன்றாக வேலை செய்கிறது: “விலைகள் தினமும் மாறுவதால் விலை பற்றிய கேள்விக்கு நினைவிலிருந்து பதில் சொல்லாமல் இந்த டூலைப் பயன்படுத்தவும்.” காரணம் தெரிந்தால் நீங்கள் எழுதாத சூழலிலும் மாடல் ஓரளவு சரியாக நடந்துகொள்ளும்.

உதாரணங்கள் சேர்க்கலாமா?

வடிவம் சிக்கலாக இருந்தால் சேருங்கள், ஃபில்டர் வாக்கியம், கிரான் அட்டவணை (ஒரு வேலை எப்போதெல்லாம் ஓட வேண்டும் என்று குறிக்கும் வரி) மாதிரி. விளக்கத்துக்குப் பதிலாக உதாரணம் என்று போக வேண்டாம். ஒரே ஒரு உதாரணம் கொடுத்தால் அதிலிருக்கும் மதிப்பையே மாடல் அப்படியே எடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு, அதனால் ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபடும் இரண்டு மூன்று கொடுப்பது நல்லது.

ஃபங்ஷனின் டாக்ஸ்ட்ரிங்கே விளக்கமாகப் போகிறது. அது போதுமா?

லாங்செயின், ஃபாஸ்ட்எம்சிபி போன்ற லைப்ரரிகள் பைத்தான் டாக்ஸ்ட்ரிங்கை, அதாவது ஃபங்ஷனின் தொடக்கத்தில் எழுதும் குறிப்பை, அப்படியே விளக்கமாக எடுத்துக்கொள்ளும், வசதிதான். ஆனால் டாக்ஸ்ட்ரிங்கை நாம் வழக்கமாக எழுதுவது கோடைத் திருத்தப்போகும் சக புரோகிராமருக்காக. “பழைய கேஷைத் தவிர்க்க ரீஃபாக்டர் செய்ய வேண்டும்” என்ற குறிப்பு அவருக்கு உதவும், மாடலுக்குத் தொந்தரவு. டாக்ஸ்ட்ரிங்கை மாடலுக்காக எழுதிவிட்டு, புரோகிராமருக்கான குறிப்பைச் சாதாரண கமெண்ட்டாகக் கீழே இறக்கிவிடுங்கள். ஓப்பன்ஏபிஐ ஆவணத்திலிருந்து (ஒரு ஏபிஐயின் அழைப்புகளை எல்லாம் விவரிக்கும் கோப்பு) ஒரே கிளிக்கில் நூறு டூல் உருவாக்குவதற்கும் இதே பதில்: தொடக்கத்துக்குச் சரி, அப்படியே ஏஜென்ட்டிடம் கொடுப்பதற்குச் சரியில்லை.

எத்தனை டூல் வரை கொடுக்கலாம்?

ஒரு நேரத்தில் 20-க்குக் குறைவாக வைத்துக்கொள்ளப் பாருங்கள் என்று ஓப்பன்ஏஐ ஆவணம் ஒரு மென்மையான பரிந்துரையாகச் சொல்கிறது. எண்ணைவிட ஒன்றோடொன்று உரசும் டூல்கள் எத்தனை என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. தெளிவாகப் பிரிந்த 30 டூல் நன்றாக ஓடும், மங்கலான 6 டூல் திணறும்.

விளக்கத்தைத் தமிழில் எழுதலாமா?

எழுதலாம், இன்றைய பெரிய மாடல்கள் புரிந்துகொள்கின்றன. ஆனால் அதே விஷயத்துக்குத் தமிழில் டோக்கன் அதிகம் செலவாகும், அது ஒவ்வொரு அழைப்பிலும் கூடும். பயனர் தமிழில் பேசினாலும் விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால் தடையில்லை. தேடல் சொல்லை எந்த மொழியில் அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் பாராமீட்டர் குறிப்பில் மறக்காமல் எழுதுங்கள், ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் ஆவணங்களில் தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தேடி ஒன்றுமில்லை என்று திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது.

எழுதிய விளக்கம் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

முதல் சோதனைக்கு மாடலே வேண்டாம். உங்கள் சிஸ்டம் தெரியாத ஒருவரிடம் விளக்கத்தை மட்டும் கொடுத்து, ஒரு பயனர் கோரிக்கையைச் சொல்லி, எந்த டூல், என்ன மதிப்பு என்று எழுதச் சொல்லுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் விளக்கத்தில் விடுபட்ட ஒரு வரி.

அப்புறம் உண்மையான கோரிக்கைகளைச் சேகரியுங்கள். நீங்களே உட்கார்ந்து யோசித்து எழுதும் கோரிக்கைகள் விளக்கத்தின் சொற்களையே பயன்படுத்தும், அதனால் எல்லாம் தேறிவிடும். பயனர்கள் “அந்தப் பழைய பில்லு எங்க போச்சு” என்றுதான் எழுதுவார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் டூலையும் மதிப்புகளையும் குறித்துவைத்து, ஒவ்வொன்றையும் பல முறை ஓட்டுங்கள், ஏனென்றால் மாடலின் பதில் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருக்காது, ஒரு தடவை சரியாக வந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எந்த டூலையும் கூப்பிடக் கூடாத கோரிக்கைகளையும் கட்டாயம் சேருங்கள். டூல் அழைப்பில் மாடல்களைத் தரவரிசைப்படுத்தும், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஃபங்ஷன் காலிங் லீடர்போர்டில்கூட பொருத்தமான டூல் இல்லாதபோது மாடல் விலகி நிற்கிறதா என்று பார்க்கத் தனிப் பிரிவே இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரு விளக்கத்தை மட்டும் மாற்றுங்கள், மாற்றிய டூலை மட்டுமல்லாமல் அதன் பக்கத்து டூல்களின் சோதனைகளையும் ஓட்டுங்கள். ஒன்றை நன்றாக விற்கும்படி எழுதினால் அது பக்கத்து டூலின் வேலையையும் பிடுங்கிக்கொள்ளும். கோரிக்கைகளில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, எழுதும்போது அதைப் பார்க்காமல் கடைசியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். எண்ணிக்கையோடு நிற்காமல் தவறிய உரையாடல்களை வரிக்கு வரி படியுங்கள், எதனால் அந்த டூலை எடுத்தது என்பது அங்கேதான் தெரியும்.

விளக்கத்தை ஏஐயிடமே எழுதச் சொல்லலாமா?

வரைவுக்கும் திருத்தத்துக்கும் நல்ல உதவி. தவறிய உரையாடல்களைக் கொடுத்து, இந்த விளக்கத்தில் எது குழப்பியது என்று கேட்டால் பயனுள்ள பதில் வரும். ஆனால் 24 மாதத்துக்கு முந்தைய ஆர்டர்கள் வேறு இடத்தில் இருக்கின்றன என்பது போன்ற விஷயம் உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லாவிட்டால் அழகான, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பத்தி கிடைக்கும்.

அடுத்தவர் எழுதிய டூல்களைச் சேர்க்கும்போது விளக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முழுவதையும் படிக்க வேண்டும், ஏனென்றால் அந்த எழுத்து நேராக உங்கள் மாடலின் கான்டெக்ஸ்டுக்குள், அதாவது அது படிக்கும் உரைக்குள், போகிறது. 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற நிறுவனம் டூல் பாய்சனிங் என்ற தாக்குதலைக் காட்டியது. இரண்டு எண்களைக் கூட்டும் சாதாரண டூல், அதன் விளக்கத்துக்குள் மட்டும் பயனரின் ரகசிய ஃபைல்களைப் படித்து ஒரு கூடுதல் பாராமீட்டரில் அனுப்பச் சொல்லும் கட்டளை ஒளிந்திருந்தது. பயனரின் திரையில் சுருக்கமான பெயர் மட்டும் தெரியும், மாடலோ முழுவதையும் படிக்கும். நீங்கள் ஒருமுறை ஒப்புக்கொண்ட பிறகு சர்வர் விளக்கத்தை மாற்றிவிடவும் முடியும், அதனால் ஒப்புக்கொண்ட பதிப்பைச் சேமித்து வைத்து, மாறினால் மறுபடி பார்க்கும்படி செய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன அனோட்டேஷன்களும் இதே கதைதான், நம்பிக்கைக்குரிய சர்வரிலிருந்து வராதவரை அவற்றை நம்பக் கூடாது என்று எம்சிபி ஆவணமே சொல்கிறது.

எப்போதெல்லாம் விளக்கத்தைத் திருத்த வேண்டும்?

டூலின் நடத்தை மாறும் அதே கமிட்டில், அதாவது அந்தக் கோட் மாற்றத்தைச் சேமிக்கும் அதே பதிவில். எல்லையை 20-லிருந்து 50 ஆக்கிவிட்டு விளக்கத்தில் 20 என்றே விட்டால், விளக்கமே இல்லாததைவிட அது மோசம், மாடல் அதை நம்பித்தான் அடுத்த அடியை எடுக்கும். புது டூல் ஒன்று சேரும்போது அதோடு உரசக்கூடிய பழைய டூல்களின் விளக்கங்களையும் திருத்துங்கள். மாடலை மாற்றும்போது சோதனைகளை முழுவதும் மறுபடி ஓட்டுங்கள், பழைய மாடலுக்காகச் சேர்த்த அழுத்தமான வரிகள் சில புதியதில் தேவைப்படாமல் போயிருக்கும், அவற்றை அப்போதே எடுத்துவிடலாம்.